பூர்சாவில் ஒரு மளிகைக்கடை

மனிதனின் பெயருக்கு எங்கள் ஊரில் விலை உண்டு. எழுத்துக்கு ஐந்து லெவா. கல்லறைக் கல் வெட்டுகிற மெத்தோதி வாய்திறந்து கேட்பது அது. நான் பேசினால் நான்குக்கு இறங்குவான். பல்கேரிய எழுத்தில் நியாசி என்று வெட்ட ஐந்து எழுத்து, நிகோலாய் என்று வெட்ட ஏழு. இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான். முன்னது அவருடைய அப்பா காதில் ஓதி வைத்தது, பின்னது அரசாங்கம் மேசை போட்டு வைத்தது. அரசாங்கம் கொடுத்த சாமான் எதுவும் எங்களுக்கு மலிவாக வந்ததில்லை.

எண்பத்தைந்து ஜனவரியில் அந்த மேசையைப் போட்டார்கள். முழங்கால் அளவு பனி, ஊரைச் சுற்றிப் பட்டாளம், பள்ளிக்கூடத்துக்குள் பெயர்ப் பட்டியல். பல்கேரியாவில் துருக்கிப் பெயர் இனி யாருக்கும் கிடையாது, இதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்றார்கள். நான் துணிக்கடைக்காரன் மகன். எதையும் புரட்டிப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முதுகில் ஒன்று வைத்தான். ஷாகிராக உள்ளே போனவன் ஸ்திலியானாக வெளியே வந்தேன். அடுத்த வாரமே என்னிடம் கடன் வாங்கியிருந்த ஒருவன், “நான் ஷாகிர்கிட்டதான வாங்கினேன், ஸ்திலியான்னு யாரையும் எனக்குத் தெரியாதே” என்று சொல்லிவிட்டான். சில வருடம் கழித்துப் பெயரைத் திருப்பித் தந்தார்கள். கடன் திரும்பவில்லை.

எனக்கு அடுத்து வரிசையில் நின்ற நியாசி வாத்தியார் பட்டியலைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை வைத்தார். விரல் விழுந்த இடத்தில் நிகோலாய் இருந்தது.

வாத்தியார் என்றால் பளுதூக்குகிற வாத்தியார். ஊர்க் கோடியில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி இருந்தது; பிள்ளைகளை ஊருக்குள் விடமாட்டார்கள். அங்கே கம்பிக்கும் சுண்ணாம்புத் தூளுக்கும் நடுவில் அவர் காலம் போயிற்று. வீட்டுக்கு வந்தால் புகையிலை. எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன உத்தியோகம் இருந்தாலும் மாலையில் புகையிலைதான். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். என் கடையில் கயிறு, அரிவாள், இலை கோக்கிற தட்டை ஊசி, பிளாஸ்டிக் விரிப்பு எல்லாம் கிடைக்கும். அவர் வாங்கினால் மட்டும் நான் பேரம் பேசியதில்லை. அவருக்குப் பேசத் தெரியாது. தெரியாதவரிடம் பேசி ஜெயித்தால் என் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து காறித் துப்புவார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் வாத்தியாருக்கு நெஞ்சு அடைத்தது. சில நாள் வீட்டில் படுத்திருந்தார், பிறகு போய்விட்டார். எங்கள் வழக்கப்படி மறுநாள் மதியமே அடக்கம். பச்சைக் கரை போட்டு, பிறை வைத்து, நியாசி என்று பெயர் போட்ட அஞ்சலித் தாளைத் தபால் கம்பங்களிலும் மசூதிச் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டினோம். கிறிஸ்தவர்களுக்குக் கறுப்புக் கரையும் சிலுவையும், எங்களுக்குப் பச்சையும் பிறையும். தாளைத் தூரத்தில் பார்த்தாலே யார் வீட்டு அழுகை என்று தெரிந்துவிடும்.

நெஃபிசே அண்ணி அவருடைய கைப்பேசியைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழம இது கத்தும். என் காதுல விழ வேணாம். நீ பாத்துக்க.”

“யாரு அண்ணி கூப்பிடுவாங்க?”

“யாரு கூப்பிடுவா? அந்த முட்டைக்காரிதான்.”

ஞாயிற்றுக்கிழமை அது கத்தியது. கயிற்றுக்கு விலை கேட்டுக்கொண்டு ஒருவன் எதிரே நின்றான்.

“என்ன வாத்தியாரே, இன்னைக்கு இவ்வளவு நேரமா? பின்கட்டுக்குப் போயிட்டீங்களா?” என்றது பெண் குரல். அவளுக்குப் பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. வாத்தியாரிடம் பளுதூக்கப் பழகிய வெலிச்கா, இப்போது ஸ்பெயினில் பழம் அடுக்குகிற கொட்டகையில் வேலை செய்கிறாள். ஒரு காலத்தில் உலகப் போட்டியில் மெடல் வாங்கிய தோள். இப்போது பழப் பெட்டி தூக்குகிறது.

“நான் பக்கத்து வீட்டு ஷாகிர்மா.”

“நிகோலாய் வாத்தியார் இல்லையா?”

எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லிவிட்டேன். பெட்டிச் சத்தம் மட்டும் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. எதிரே நின்றவன் கயிற்றைப் பணம் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனான், பார்த்தேன், விட்டுவிட்டேன்.

“நாப்பதாம் நாளைக்கு வந்துடறேன். நெஃபிசே அத்தைகிட்ட சொல்லுங்க. அவர் பையன் வந்தாரா பூர்சாலேர்ந்து?” என்றாள் கடைசியில்.

“ம்” என்றேன்.

எங்கள் ஊரில் எங்களுக்கு நாற்பது கிடையாது. ஐம்பத்திரண்டாம் நாள்தான் ஓதுவது, அல்வா கிளறுவது எல்லாம். அதை அவளிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்கிறவரிடம் அன்றைக்குக் கடை கிடையாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

*

அண்ணி முற்றத்துக் கொட்டகையில் இலை கோத்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால் பனியோடு பறித்த இலை, மடி நிறைய. தட்டை ஊசியை இடது கையில் நிறுத்தி, வலது கையால் காம்பைப் பார்க்காமலே குத்தி ஏற்றுவாள். விரலெல்லாம் கறுப்புப் பிசின். சோப்பு போட்டால் போகாது, காய்த் தக்காளியைப் பிழிந்து தேய்த்தால்தான் போகும். வானம் மூடியிருந்தது. மழை வந்தால் பந்தலில் தொங்குகிற சரமெல்லாம் பூசணம் பிடித்துவிடும். நானும் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“வர்றாளா?” என்றாள் அண்ணி.

“நாப்பதுக்கு.”

“வரட்டும். கோதும அவிச்சு, சர்க்கர தூவி எடுத்துட்டு வருவா. அவங்க வழக்கம்.” நாலைந்து இலையை ஏற்றினாள். “ஷாகிரு, அவரு போறப்ப எங்கிட்ட ரெண்டு வாங்கிட்டுப் போயிருக்காரு.”

“என்ன ரெண்டு?”

“அவ வந்தா, அவரு நிகோலாய்தான். அது ஒண்ணு. எர்தின்ச்சு பூர்சால நல்லா இருக்கான், மளிகக்கட வெச்சிருக்கான், பொண்டாட்டி இருக்கு, ரெண்டு புள்ளைங்க இருக்கு. அது ரெண்டு. நாலு நாளா பேச்சே வரல மனுசனுக்கு, இதுக்கு மட்டும் எங்கேர்ந்துதான் மூச்சு வந்துச்சோ. ‘நெஃபிசே, அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம்’னு கையப் புடிச்சிக்கிட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன். சாகப்போற மனுசன்கிட்ட வேற என்னத்தச் சொல்ல?” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஒரு தடவ பட்டாளத்துக்காரன் அவரு பேரப் புடுங்கினான். இப்ப என்னயப் புடுங்கச் சொல்றாரு. என் புள்ளயச் சாகாம வெச்சிருக்கணும்ங்கறாரு, அதுவும் அவளுக்காக. எந்தப் பொம்பள செய்வா இத?”

எர்தின்ச் அவர்களுக்கு ஒரே மகன். எண்பத்தொன்பது கோடையில் எல்லை திறந்தது. ஊரில் பாதி, கார்க் கூரையில் பாயும் தையல் மெஷினும் கட்டிக்கொண்டு துருக்கிக்குக் கிளம்பியது. நெஃபிசே அண்ணியும் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். வாத்தியார் வரவில்லை. வெலிச்காவுக்கு நவம்பரில் உலகப் போட்டி. அவள் டான்யூப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். அப்பா இல்லை, அம்மா கூட்டுப்பண்ணையில் பால் கறக்கிறவள். ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர்களில் அவள் பெயரைத்தான் பள்ளி மேலாளர் முதலில் சொல்வார். “அந்தக் கோணத் தோள வெச்சிக்கிட்டு எதத் தூக்கப் போறா, பால் செம்பையா?” என்று மற்ற வாத்தியார்கள் சிரிப்பார்கள். “தோளு கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுது. கம்பி நேராப் போகுதா, அதப் பாருங்க” என்பார் நியாசி வாத்தியார். “அவள அனுப்பினா நானும் போறேன்” என்பார். அந்தக் கோடையில் அவர் போயிருந்தால், மறுநாளே அவளையும் அனுப்பியிருப்பார்கள்.

“நவம்பர் முடியட்டும், போயிடலாம்” என்றார். பையனைச் சித்தப்பாவோடு ஜூனில் அனுப்பினார்கள். ஆகஸ்டில் எல்லை மூடிக்கொண்டது. அக்டோபரில் எர்தின்ச் அங்கே பூர்சா நகரத்தில் கட்டட வேலைக்குச் சாரம் ஏறி, விழுந்து செத்தான். பதினேழு வயது. செய்தி தபாலாபீசு போனுக்கு வந்தது. மண் போடக்கூட அப்பனும் ஆத்தாளும் போக முடியவில்லை. வாத்தியார் மறுநாள் பள்ளிக்குப் போனார். போட்டிக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பிள்ளையின் மனசு கலையக் கூடாது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பள்ளியில் யாரையும் சொல்லவிடவும் இல்லை. பிறகு சொல்ல நேரம் வந்தபோது, அவளாகக் கேட்டாள், “உங்க பையன் எப்படி இருக்காரு?” என்று. “நல்லா இருக்கான்” என்று வந்துவிட்டது வாயில்.

ஒரு பொய்யை வாங்கினால் அதற்குத் தீனி போட வேண்டும். நல்லா இருக்கான் என்றால் வேலை வேண்டும், மளிகைக்கடை வைத்தார். வயது ஏறினால் கல்யாணம் வேண்டும்; செய்துவைத்தார். பிறகு பேரப்பிள்ளைகள். அவள் ஸ்பெயினிலிருந்து அவர்களுக்குச் சட்டையும் பொம்மையும் அனுப்பினாள். பெரியவனுக்கு எத்தனை வயது என்று சொன்னோம் என்பதை அவர் மறந்துபோவார். அண்ணிதான் கணக்கு வைத்துக்கொண்டு எடுத்துக்கொடுப்பாள். “இந்த வருசம் ஆறாவது போறான்னு சொல்லுங்க. போன வருசமே அஞ்சாவதுன்னுட்டீங்க.” சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என் சுவருக்கு எல்லாம் கேட்கும்.

பள்ளி முடிந்து போன வெலிச்காவைப் பார்க்க அவரே தலைநகர் சோபியாவுக்குப் பஸ் ஏறிப் போவாரே தவிர அவளை ஊருக்கு வரவிட்டதில்லை. வீடு மராமத்து, சாலை சரியில்லை, அத்தைக்கு உடம்பு முடியவில்லை. பேரம் பேசத் தெரியாத மனுசன், சாக்குச் சொல்வதில் என்னையே விற்றுவிடுவார்.

*

நாற்பதாம் நாள் காலையில் அண்ணி என்னைக் கூப்பிட்டாள்.

“தாளையெல்லாம் கிழிச்சிடு.”

“எந்தத் தாள?”

“எந்தத் தாளு? பச்சத் தாளுதான். கம்பத்துக்குக் கம்பம் நியாசி நியாசின்னு ஒட்டியிருக்கே. அவளுக்குப் படிக்கத் தெரியும்ல.”

“அண்ணி, வருசம் வரைக்கும் இருக்க வேண்டியது அது. ஊர்ல என்ன பேசுவாங்க?”

“பேசட்டும். நான்தான அவரு பொண்டாட்டி. நான் சொல்றேன், கிழி.”

வாளியில் வெந்நீரும் கொத்துக்கரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது; அதுவும் நான் விற்ற பசைதான், நல்ல சரக்கு. பேருந்து நிறுத்தத்தில் சுரண்டிக்கொண்டிருந்தபோது டீக்கடை ரெம்சி வாசலுக்கு வந்து நின்றான்.

“என்ன ஷாகிர், வாத்தியாரு உனக்கு எவ்வளவு பாக்கி?”

“உனக்குப் புரியாது, போய் டீயப் போடு.”

“இல்ல, பாக்கிக்காகத் தாளக் கிழிக்கிறவன இப்பதான் பாக்கறேன். எனக்கும் நெறைய பேர் பாக்கி இருக்கான். செத்தா நானும் வர்றேன்.”

வெந்நீரை ஊற்றினேன். தாளில் அவர் முகம் பாதி வந்தது, பாதி கம்பத்திலேயே நின்றது. கன்னத்தைச் சுரண்டினேன்.

பிறகு ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க்கில் போய் நின்றுகொண்டேன். அவள் ஊருக்குள் வந்து நிகோலாய் வீடு எது என்று யாரிடமாவது கேட்டால், அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்பார்கள். மதியம் தாண்டி ஒரு சின்ன லாரி வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து அகலமான ஒரு பெண் இறங்கினாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஷாகிர் மாமாவா? குரல வெச்சு நீங்க குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“கடைல இருக்கறப்ப குண்டாத்தான் இருப்பேன். யாவாரத்துக்கு வேணும். லாரி எதுக்கும்மா?”

“பின்னால காட்டறேன்” என்றாள். கையில் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். அவித்த கோதுமை, மேலே சர்க்கரைத் தூள்.

*

அண்ணி கறுப்புத் துணியைத் தலையில் கட்டி வாசலுக்கு வந்தாள். வெலிச்கா குனிந்து அவள் கையை எடுத்து முத்தமிட்டாள். அண்ணி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பிசின் பிடித்த கை என்று ஏதோ முணுமுணுத்தாள். பந்தலுக்குக் கீழே உட்காரவைத்து, பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் தயிரும் வைத்தாள். அண்ணிக்குப் பல்கேரிய மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் கொஞ்சமாகப் பேசினாள், நிறையக் கேட்டாள்.

“இந்தச் சூப்பு” என்றாள் வெலிச்கா, ஒரு வாய் வைத்துவிட்டு. “எங்க விடுதில சூப்புன்னு ஒண்ணு ஊத்துவாங்க, அத்தை. தட்டோட அடி தெரியும். வாத்தியார் கோட்டுப் பையில தினம் ரெண்டு அவிச்ச முட்டை இருக்கும். வரிசையில நிக்கறப்ப யாருக்கும் தெரியாம என் பையில போட்டுடுவாரு. சூடா இருக்கும். இந்த மனுஷன் என்ன கோழியான்னு நெனப்பேன் நான்.”

நான் சிரித்தேன். அண்ணி ரொட்டியை இன்னொரு துண்டு வெட்டி அவள் பக்கம் தள்ளினாள்.

“ரெண்டு கோழிதான் வெச்சிருந்தேன்” என்றாள். “ரெண்டு முட்டதான் வரும்.”

வெலிச்காவின் கை நின்றது. “அப்போ உங்க பையனுக்கு?”

“அவன்…” அண்ணி ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் வழித்துச் சேர்த்தாள். “அவனுக்கு முட்ட புடிக்காது.”

எர்தின்ச்சுக்கு முட்டை உயிர். என் வீட்டுக்கு வந்தால் என் பெண்டாட்டி பொரித்துக் கொடுப்பாள், கரண்டியை நக்குவான். நான் என் தட்டைப் பார்த்தேன்.

“எல்லாரும் என்னை அனுப்பிடலாம்னாங்க” என்றாள் வெலிச்கா. “எனக்கே தெரியும், நான் ஒண்ணும் பெருசா வரப்போறதில்லன்னு. ராத்திரி படுத்தா அதான் ஓடும். காலையில அவர் வந்து கம்பியப் பிடிக்கச் சொல்லிட்டு, முதுகுக்குப் பின்னால நிப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பாராட்ட மாட்டாரு, திட்டவும் மாட்டாரு. அவர் நிக்கறாருன்னா அது மேல போயிடும் அத்தை. இப்பவும் பெட்டி தூக்கறப்போ பின்னால யாரோ நிக்கற மாதிரிதான் இருக்கு.”

அண்ணி தலையை ஆட்டினாள்.

“நவம்பர்ல மெடல் வாங்கிட்டு வந்தேன்ல? அவரை நாட்டை விட்டு வெளியில விட மாட்டேன்னுட்டாங்க, அதனால இங்க வந்துதான் கழுத்துல போட்டேன். கம்பிக் கூடத்துல, யாருமில்ல. அழுதாரு பாருங்க. அப்படி ஒரு ஆம்பள அழுது நான் பார்த்ததில்ல. தரையில உக்காந்துட்டாரு. சந்தோஷத்துல இப்படிக்கூட அழுவாங்களான்னு பயந்தே போனேன். எனக்காக ஒருத்தர் அப்படிச் சந்தோஷப்பட்டாருங்கறதுதான் அத்தை, அதுக்கப்புறம் எனக்கு நடந்த எல்லாத்தையும் தாங்க வெச்சது. புருஷன் விட்டுட்டுப் போனப்போகூட அதத்தான் நெனச்சிக்கிட்டேன்.”

அண்ணி எழுந்தாள். பானையில் சூப் இருக்கிறதா என்று பார்த்தாள். மூடியை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மெடல் கழுத்தில் விழுந்த அந்த நாளில் எர்தின்ச்சைப் புதைத்த மண் இன்னும் காய்ந்திருக்காது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தவா?” என்றாள் திரும்பாமலே.

*

லாரிக்காரனுக்கு அவசரம். நானும் அவனும் வெலிச்காவுமாக, பின்னால் சாக்கில் சுற்றியிருந்த கல்லறைக் கல்லை இறக்கினோம். இறக்கியதில் முக்கால்வாசி அவள்தான். லாரிக்காரன் ஒரு முனையைத் தொட்டதோடு சரி. சாக்கை அவிழ்த்தாள். கறுப்புப் பளிங்கு, கண்ணாடி மாதிரி. மேலே வாத்தியாரின் முகம், புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கியது. சிலுவை இல்லை.

“சிலுவை போடலாமான்னு கல்லு செதுக்கினவன் கேட்டான். அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்ல. பளு போடுன்னேன்” என்றாள். முகத்துக்குக் கீழே ஒரு கம்பியும் இரண்டு பக்கமும் எடைத் தட்டும் இருந்தன. அதற்குக் கீழே பொன் எழுத்தில் பெயர்.

அண்ணி குனிந்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். அவள் அப்படித்தான் படிப்பாள். ஏழு எழுத்தையும் தொட்டு முடித்தாள்.

“நல்ல கல்லு” என்றாள்.

“இப்பவே நட்டுடலாம் அத்தை. அவரு காத்திருக்காரு.”

நான் குறுக்கே புகுந்தேன். “இப்ப நட முடியாதும்மா. புது மண்ணு, இறங்கும். கல்லு சாஞ்சிடும். வருசம் போகட்டும், நானே நின்னு நடறேன்.”

“சிமெண்ட்டு கொண்டு வந்திருக்கேன் மாமா.”

“சிமெண்ட்டும் மழைல…”

“மாமா, நான் மறுபடி எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. லீவு கிடையாது, பொண்ணத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். கல்லு நிக்கறதைப் பார்த்துட்டுப் போறேன். அவருக்குன்னு நான் வேற எதுவும் செஞ்சதில்ல.”

மலையேறுகிற வழியில் எங்கள் ஆட்களின் கல்லறைகள். அங்கே நிற்கிற கல்லிலெல்லாம் எங்கள் துருக்கிப் பெயர்களை மறுபடி வெட்டவே நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம். அங்கே போய் ஒரு நிகோலாயை நடுவதற்கு ஊர் விடாது. ஊர் விட்டாலும், அண்ணி தினமும் போய் அதன் எதிரே உட்கார வேண்டும்.

அவள் குழாயடிக்குப் போனாள். செடியிலிருந்து ஒரு காய்த் தக்காளியைப் பறித்து, பிழிந்து, விரல் விரலாகப் பிசினைத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள். பிறகு ஈரக்கையோடு வந்து கல்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“வெலிச்கா, இப்படி உக்காரு.”

உட்கார்ந்தாள்.

“அவரு பேரு நியாசி.”

“யாரு பேரு?”

“உன் வாத்தியாரு பேரு. அவங்க அப்பா வெச்சது நியாசி. இது” கல்லைக் காட்டினாள், “பட்டாளம் வெச்சது. எண்பத்தஞ்சுல. எல்லாருக்கும் வெச்சாங்க. எனக்கு நதியான்னு வெச்சாங்க. இதோ இவனுக்கு ஸ்திலியான்.”

வெலிச்கா என்னைப் பார்த்தாள். “ஆமாம்மா” என்றேன். “ஸ்திலியானுக்கு ஒருத்தனும் கடன் திருப்பித் தரல.” யாரும் சிரிக்கவில்லை, நானும்.

“நான் வந்தது அதுக்கு அடுத்த வருஷம்” என்றாள் மெதுவாக. “என்கிட்ட நிகோலாய்னுதான் சொன்னாரு. அப்புறம் பேரெல்லாம் திருப்பிக் குடுத்தாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். அப்பகூட எனக்கு… நான் கேக்கவே இல்ல. ஏன் சொல்லல எங்கிட்ட?”

“உன் மெடல் காகிதத்துல எல்லாம் வாத்தியாருன்னு போட்ட எடத்துல அந்தப் பேருதான். அத மாத்தப் போயி உனக்கு எதுனா வம்பு வந்துடுமோன்னு மொதல்ல பயந்தாரு. அப்புறம் பழகிப்போச்சு. ஊருக்கெல்லாம் நியாசி, ஞாயித்துக்கிழம மட்டும் நிகோலாய்.”

வெலிச்கா கல்லில் இருந்த பெயரைக் கையால் மூடிக்கொண்டாள். பெரிய கை; முழுப் பெயரும் மறைந்தது.

“என் பொண்ணு பேரு நிகோல்” என்றாள். “அவருக்காக வெச்சேன். அவர்கிட்ட போன்ல சொன்னேன், எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா? பட்டாளத்துக்காரன் வெச்ச பேரையா அத்தை நான் என் புள்ளைக்கு வெச்சேன்?”

நான் நினைத்தேன், இப்போது அண்ணிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று. இத்தனை வருடம் அவள் சுமந்ததில் ஒரு சின்ன முனையை இந்தப் பெண் தோளில் வைத்தாயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளினால் முழுவதும் இறங்கிவிடும். அண்ணி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குப் போன வெச்சிட்டு வந்து எங்கிட்ட சொன்னாரு” என்றாள். “நான் சோறு போடல. சட்டியத் தூக்கி நாய்க்கு வெச்சேன். அந்தப் பேர என் வீட்டுல சொல்லாதீங்கன்னேன். அப்ப அவரு சொன்னாரு: நெஃபிசே, அந்தப் பேரு இத்தன வருசமா நாதியத்துக் கெடந்துச்சு, ஒருத்தருக்கும் வேண்டாததா. இன்னைக்கு ஒரு கொழந்த எடுத்துக்கிச்சு. இனிமே அது அவளோடது, பட்டாளத்தோடது இல்ல. அப்படின்னுட்டு, பட்டினியா படுத்துத் தூங்கிட்டாரு. நல்லா தூங்கினாரு. அதனால நீ மாத்தாத.”

வெலிச்கா அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் ஏறி இறங்க. அண்ணி அவளைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் கல்லைச் சுற்றி வந்தேன். வியாபாரிக்குச் சரக்கின் பின்பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

“பின்னாலயும் பாலீஷ் போட்டிருக்கான்” என்றேன். “திருப்பிப் போடலாம். அந்தப் பக்கம் நியாசின்னு மெத்தோதி வெட்டட்டும். அது பாதையப் பாத்து நிக்கட்டும். இது மலையப் பாத்துக்கிட்டு இருக்கும்.”

“மூஞ்சி?” என்றாள் வெலிச்கா.

“மூஞ்சி மலையப் பாக்கட்டும்” என்றாள் அண்ணி. “மூஞ்சி எனக்குத் தெரியும். பேருதான் முன்னால வேணும்.”

*

அன்று கல் நடவில்லை; மெத்தோதி வெட்டிய பிறகு நடுவதாகப் பேசிக்கொண்டோம். சிமெண்ட் மூட்டையைக் கொட்டகையில் வைத்தோம். கிளம்பும்போது வெலிச்கா லாரியின் முன் இருக்கையிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்துவந்து அண்ணியிடம் கொடுத்தாள்.

“எர்தின்ச் பசங்களுக்கு. பெரியவனுக்குச் செருப்பு அளவு தெரியல, நாப்பது வாங்கிட்டேன். இந்த வயசுல சட்டுனு வளருவாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எர்தின்ச் ஏன் வரல அத்தை? அப்பாவோட நாப்பதுக்கு. எனக்கு அவரைப் பார்க்கணும்னு இருந்துச்சு. ஒரு நன்றி சொல்லணும்னு. அப்பாவ எங்கிட்ட பங்கு போட்டுக்கிட்ட மனுஷன்ல.”

பெயரைச் சொல்லியாயிற்று, கதவு பாதி திறந்துதான் கிடந்தது. அண்ணி பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பந்தலில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. சரங்களின் மேல் பிளாஸ்டிக் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“கடைய விட்டுட்டு வர முடியாதுல்ல” என்றாள் அண்ணி. “மளிகக்கட. ஒரு நாள் பூட்டினா ஆளு வேற கடைக்குப் போயிடுவான். இவனக் கேளு, இவனும் யாவாரிதான்.”

“ஆமாம்மா” என்றேன். “ரொம்பச் சரி. பூட்டவே கூடாது.”

“நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“நல்லா இருக்காருல்ல?”

“நல்லா இருக்கான்” என்றாள் நெஃபிசே. அவர் சொல்கிற அதே மாதிரி, கொஞ்சம் அவசரமாக. “செருப்பு அளவு சரியா இருக்கும். பெரியவனுக்கு அப்பன் காலு.”

லாரி போயிற்று. மழை கனத்தது. நானும் அவளும் ஓடி ஓடிச் சரங்களின் மேல் விரிப்பைப் போட்டோம். ஒரு மூலையை நான் பிடிக்க, மறு மூலையில் அவள் கல் வைத்தாள். பாதி நனைந்துவிட்டது. கொட்டகைக்குள் வந்து, தலைத்துணியைப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டு, ஊசியை எடுத்தாள். காலையில் பறித்த இலை இன்னும் மிச்சம் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன்.

“ஷாகிரு, நீ யாவாரிதான. கணக்குச் சொல்லு. அவரு எங்கிட்ட ரெண்டு கேட்டுட்டுப் போனாரு.”

“ஒண்ணு போச்சு அண்ணி. ஒண்ணு நின்னுச்சு.”

“அப்ப அவருக்கு நான் ஒண்ணு பாக்கி.”

“அவரு உங்களுக்கு?”

இலையைக் குத்தி ஏற்றினாள். இன்னொன்றை ஏற்றினாள்.

“அவரு எனக்கு ஒரு புள்ள பாக்கி. அத அங்க போயி நானும் அவரும் பேசிக்கறோம்.” நூலை இழுத்து இறுக்கினாள். “அந்தப் பொண்ணு யாருக்கும் ஒண்ணும் பாக்கியில்ல. அப்படியே வெச்சிக்க.”